புதுப்பிப்பு: கழிவுத் தொட்டி அடைப்பும் குழாய்க் கசிவும்

என் ஆர்.வி. வண்டியின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) கழிவறைத் தொட்டி முழுதாகக் காலியாவதில்லை, வெளியேற்றும் குழாயும் கசிகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

கசிவுக்குக் காரணம் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம். வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன்.

அடைப்புதான் என்னை வாட்டியது. முகாமில் நிற்கும்போது கழிவறைத் தொட்டியின் வெளியேற்றும் வால்வைத் திறந்தே வைத்திருந்தேன். நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு உள்ளே மேடாக இறுகிவிட்டது. நிறையத் தண்ணீர் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் சிறிது தூரம் வண்டியை ஓட்டிக் குலுக்கிய பிறகே கரைந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு நிறையும்வரை வால்வைத் திறப்பதே இல்லை. காலி செய்யும்போது முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் நீர்த் தொட்டி. அந்த நீரே குழாயைக் கழுவிவிடுகிறது. கையுறை இல்லாமல் மட்டும் குழாயைத் தொடாதீர்கள், தயவுசெய்து.