எகிப்துக்கு முன்னாலேயே சிலி நாட்டில் மம்மியா? அதுவும் கைக்குழந்தைகளுக்கு?

மீனா_மயூர்விஹார்:

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஹரப்பா கூடத்தில் ராக்கிகடியில் தோண்டி எடுத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள், 4,000 ஆண்டுக்கும் மேல் பழையது, கையில் சங்கு வளையல் கழலாமல் கிடக்கிறது, தலைமாட்டில் பானைகள். மகள் அங்கேயே நின்றுவிட்டாள், வேறு எதையும் பார்க்க வரவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "குட்டிப் பாப்பா செத்துப்போனா அதுக்கும் வளையல் போட்டு வைப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், சிலியின் வடகோடியில் அரிக்கா துறைமுகத்தில் இறங்கியிருக்கிறான். உலகத்திலேயே பழைய மம்மிகள் எகிப்தில் இல்லை, அங்கேதான் இருக்கின்றன, அதில் கைக்குழந்தைகளும், பிறக்காமலே போன சிசுக்களும்கூட உண்டு என்கிறான். உண்மைதானா? ராஜா இல்லை, கோயில் இல்லை, அப்படியிருக்க ஒரு குழந்தைக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மகளிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

முனிர்கா_மண்வெட்டி:

உண்மைதான் அக்கா. தொல்லியல் படிக்கிறேன், இந்த மக்களைப் பற்றி முதல் வருஷத்தில் படித்ததிலிருந்து இன்றுவரை அவர்களை விடவே முடியவில்லை.

சின்ச்சோரோ மக்கள் என்று பெயர், அரிக்காவில் உள்ள ஒரு கடற்கரையின் பெயர் அது. அட்டகாமா பாலைவனம் பசிபிக் கடலைத் தொடும் இடத்தில், இன்றைய வட சிலியிலும் தென் பெருவிலும் வாழ்ந்த மீனவர்கள். விவசாயம் இல்லை, மண்பானை இல்லை, உலோகம் இல்லை. சிப்பியிலும் கள்ளிமுள்ளிலும் தூண்டில் செய்தார்கள், கடல்சிங்கம் வேட்டையாடினார்கள். குளிர்ந்த கடலில் முங்கி முங்கிச் சிப்பி எடுத்ததால் ஆண்கள் பலருக்குக் காதுத் துளைக்குள்ளே எலும்பு முண்டாக வளர்ந்திருக்கிறது, மண்டையோட்டில் இன்றும் பார்க்கலாம். அவ்வளவு எளிய வாழ்க்கை. இவர்கள் செய்த மம்மிகளில் மிகப் பழையது கமரோனெஸ் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு குழந்தை, கி.மு. 5000 வாக்கில். எகிப்தியர்கள் இந்த வேலையில் இறங்குவதற்கு 2,000 ஆண்டுக்கு மேல் முன்னால்.

எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். முதல் காலத்தில் செய்தவற்றைக் கருப்பு மம்மி என்பார்கள். தோலை உரித்து, சதையையும் உள்ளுறுப்புகளையும் எடுத்துவிட்டு, எலும்பைக் காயவைத்து, கைகால் எலும்புகளோடு குச்சிகளை வைத்து நாணலால் கட்டி, சாம்பல் குழைத்த களிமண்ணால் உடம்பை மறுபடி வனைந்து, அதன்மேல் தோலைத் திரும்பப் போர்த்தி, தோல் பற்றாத இடத்தில் கடல்சிங்கத் தோலை ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலே மாங்கனீஸ் கறுப்பைப் பூசினார்கள். தலையில் மனித முடியிலேயே குட்டையான டோப்பா. முகத்துக்கு மெல்லிய களிமண் முகமூடி, அதில் கண்ணுக்கும் வாய்க்கும் சின்னச் சின்னக் கீறல், வாய் லேசாகத் திறந்தபடி. ஒரு கைக்குழந்தையின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்கு மண்ணை மெல்லியதாகத் தட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய கி.மு. 2500க்குப் பிறகு முறை மாறிவிட்டது, உடம்பை முழுவதுமாகப் பிரிக்காமல் தோலுக்கடியில் குச்சி செருகி, நீளமான முடி வைத்து, காவி பூசினார்கள். அவை சிவப்பு மம்மிகள்.

என்னை உலுக்கியது வேறொன்று. சில உடம்புகளில் வண்ணம் ஒரே முறை பூசியதாக இல்லை, உடைந்த இடத்தைச் சரிசெய்து திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். அப்படியென்றால் செய்தவுடனே புதைத்துவிடவில்லை, சில காலம் கூடவே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று கேட்டீர்கள் இல்லையா, பெற்றவர்களும் அக்கம்பக்கத்தவரும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எகிப்தில் இது முதலில் பெரும்பாலும் அரசர்களுக்கும் பெரிய இடத்தவர்களுக்கும்தான், இங்கே ஆண், பெண், கிழவர், சிசு எல்லோருக்கும் செய்திருக்கிறார்கள்.

கரோல்பாக்_கணேஷ்:

அப்படியென்றால் எகிப்துக்காரர்கள் இவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்களா?

முனிர்கா_மண்வெட்டி:

இல்லை சார், இரண்டுக்கும் தொடர்பே கிடையாது, தனித்தனியாகத் தோன்றியவை. அரிக்காவில் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். சும்மா புதைத்த உடம்பே அழுகாமல் காய்ந்து கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே இவர்களுக்கு இந்த யோசனை வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

ரோகிணி_தண்ணீர்சோதனை:

இந்த மம்மிகளில் குழந்தைகள் ஏன் இத்தனை பேர் என்று யோசித்தால், அதற்குத் தண்ணீர் பக்கமிருந்து ஒரு பதில் இருக்கிறது. நான் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவள், அதனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கமரோனெஸ் ஆற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த ஆற்றில் சுமார் 1,000. எரிமலைப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியும் மாறாது. சுற்றிலும் பாலைவனம், குடிக்க வேறு வழியும் கிடையாது. தாராபாக்கா பல்கலைக்கழகத்தின் பெர்னார்தோ அரியாசா 2005இல் சொன்ன கருத்து இதுதான்: ஆர்சனிக்கால் கருச்சிதைவும் சிசு மரணமும் அதிகமாக இருந்திருக்கும், அந்தத் துக்கத்தில்தான் முதலில் குழந்தைகளின் உடம்பைக் காப்பாற்றத் தொடங்கி, அப்புறம் எல்லோருக்கும் செய்திருப்பார்கள். மம்மிகளின் முடியிலும் ஆர்சனிக் இருப்பதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இது கருத்துதான், முடிந்த முடிவு இல்லை. ஆனால் அதே வட சிலியில் அந்தோஃபகஸ்தா நகரத்துக்கு 1958இல் ஆர்சனிக் கலந்த ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, 1970இல்தான் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், அந்த இடைக்காலத்தில் அங்கே சிசு மரணம் கூடியது கணக்கிலேயே இருக்கிறது. வங்காளத்திலும் பீகாரிலும் அடிகுழாய்த் தண்ணீரில் இதே விஷம்தான். அங்கிருந்து மாதிரி பாட்டில்கள் வரும்போதெல்லாம் எனக்கு அந்த மண் முகமூடிகள் ஞாபகம் வரும்.

ஆர்கேபுரம்_தாமிரபரணி:

மீனா, நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரன், மத்திய அரசு வேலையில் வந்து டெல்லியிலேயே 40 வருஷம் ஆகிவிட்டது. போன வருஷம் ஊருக்குப் போனபோது ஆதிச்சநல்லூரில் 2023இல் திறந்த அந்தக் கண்ணாடித் தளத்தைப் பார்த்தேன். தாழிகளை எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலடியில் யாரோ படுத்திருக்கும்போது அதன்மேல் நடக்க எனக்குக் கால் வரவில்லை, ஓரமாகவே சுற்றி வந்தேன்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பெரியவர்களை எரிப்போம், பச்சிளம் குழந்தையைப் புதைப்போம், சடங்கும் அவ்வளவாகக் கிடையாது, பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து பதினோராம் நாள் போய்விட்டாள். தோட்டத்து மூலையில் எங்கேயோ வைத்தார்கள், எந்த இடம் என்று அம்மாவுக்கு யாரும் காட்டவே இல்லை. கடைசிவரை அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மீனவர்கள் சின்ன உயிருக்கும் அத்தனை வேலை செய்தார்கள் என்று இங்கே படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லம்மா, அவளுக்குப் புரியும்.

மீனா_மயூர்விஹார்:

ஐயா, உங்கள் அம்மாவை நினைத்து அழுதுவிட்டேன்.

நேற்று மகளிடம் சொன்னேன். வளையல் இல்லை, ஆனால் முகம் செய்து வைத்தார்கள், முடி வைத்தார்கள், உடைந்தால் ஒட்டினார்கள் என்று. விஷத் தண்ணீர் பற்றியும் சொன்னேன். "அந்தத் தண்ணியக் குடிச்ச மத்தவங்க எப்படிப் பொழைச்சாங்க?" என்று கேட்கிறாள். இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள். தம்பியின் கப்பல் திரும்ப அரிக்கா போகுமாம், அங்கே எங்கே பார்க்கலாம் என்றும் கேட்டான்.

ரோகிணி_தண்ணீர்சோதனை:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். கமரோனெஸில் இன்று இருக்கும் மக்களில் பெரும்பாலோருக்கு, ஆர்சனிக்கைச் சீக்கிரம் மாற்றி உடம்பைவிட்டு வெளியேற்ற உதவும் ஒரு மரபணு வகை இருப்பதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. தாங்க முடிந்தவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள், தலைமுறை தலைமுறையாக அது கூடிக்கொண்டே வந்தது.

முனிர்கா_மண்வெட்டி:

தம்பியிடம் இரண்டு இடம் சொல்லுங்கள் அக்கா. ஊருக்குள்ளேயே கொலோன் 10 என்று ஒரு சின்ன அருங்காட்சியகம், 2004இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வரிசையாக வந்தன, எடுத்தால் நொறுங்கிவிடும் என்று அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டுவிட்டார்கள், ஐயா சொன்ன ஆதிச்சநல்லூர் மாதிரியே. இன்னொன்று ஊரிலிருந்து 12 கிலோமீட்டரில் சான் மிகெல் தே அசாபா, முகமூடியோடு இருக்கும் மம்மிகள் அங்கேதான். கிடங்கில் ஈரப்பதம் கூடியதால் சிலவற்றின் தோல் கறுப்புப் பிசினாக உருகத் தொடங்கியதை 2015 வாக்கில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னார்கள், காற்றில் ஈரம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்தப் பகுதி சேர்ந்துவிட்டது. ஓர் இடத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் அசாபாவுக்கே போகச் சொல்லுங்கள்.