உதவி: விமானத் தூரமும் நேரமும் ஒத்து வரவில்லை

மாலைமேகம்: அவசரம். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு தளத்தில் 9,537, இன்னொன்றில் 8,288. எது சரி? நேரமும் இடிக்கிறது. இரவு 10:30க்குக் கிளம்பி அதிகாலை 5:10க்கு இறங்கினால் 6 மணி 40 நிமிடம்தானே? டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. இன்றே பதில் வேண்டும்.

கரிசல்: எங்கிருந்து எங்கே? கிலோமீட்டரா, மைலா?

வடமீன்: ஊர் இல்லை, தேதி இல்லை, அலகு இல்லை. கேள்வியை எப்படிக் கேட்பது என்று முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் யாரும் படிப்பதில்லை.

அலைகடல்: பூமி சுழல்வதுதான் காரணம். ஒரு திசையில் போனால் இறங்கும் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும்.

கரிசல்: இல்லைங்க, காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நேரத்தை மாற்றுவது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. அதற்காக 12 மணி நேரமெல்லாம் மாறாது.

மாலைமேகம்: நியூயார்க் ஜே.எஃப்.கே. – சிங்கப்பூர் சாங்கி. அலகு போடவில்லை.

பூவரசு: அப்படியானால் இரண்டுமே சரி. பெரியதைச் சின்னதால் வகுத்தால் 1.15 வருகிறது. முதலாவது சாதாரண மைல், இரண்டாவது கடல் மைல் (1.852 கி.மீ.). கையாலேயே சரிபார்க்கலாம். தீர்க்கரேகையில் சாங்கி கிழக்கு 104°, ஜே.எஃப்.கே. மேற்கு 74°. கூட்டினால் 178°, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகும். 90°யிலிருந்து அட்சரேகையைக் கழித்தால் ஜே.எஃப்.கே.யிலிருந்து துருவத்துக்கு 49.4°, அங்கிருந்து சாங்கிக்கு 88.6°, மொத்தம் 138°. பாகைக்கு 60 கடல் மைல் என்றால் 8,280. கிலோமீட்டரில் 15,300க்குக் கொஞ்சம் மேல்.

அப்புறம் நேரம். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 இருக்கிறதா பாருங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரண்டு நாள் தள்ளி இறங்கினால் 30 மணி 40 நிமிடம். கோடையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் இருக்கும். கழித்தால் 18:40.

அலைகடல்: துருவத்துக்கு மேலே பறக்க முடியாதே, எரிபொருள் உறைந்துவிடும்.

கரிசல்: பறக்கிறார்கள். ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் உறைநிலை −47° செல்சியஸ். தொட்டி குளிர்ந்தால் உயரத்தைக் குறைப்பார்கள்.

வடமீன்: அமெரிக்காவில் பெரும்பாலும் நிரப்புவது ஜெட் ஏ, −40°. இது தெரியாமல் விளக்கம் சொல்லக் கூடாது.

கரிசல்: எண் மாறினாலும் பறப்பது மாறவில்லையே.

பூவரசு: இந்த வழியில் காற்றைப் பார்த்துப் பாதையை முடிவு செய்வார்கள். போகும்போது ஒரு பெருங்கடல், வரும்போது இன்னொன்று என்றுகூட அமையும். தூரம் கூடினாலும் பின்காற்று கிடைத்தால் நேரம் மிச்சம்தான். தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் நேரத்தை நம்பி இணைப்பு விமானம் போடாதீர்கள்.

மாலைமேகம்: +2 இருக்கிறது. நன்றி.

பூவரசு: திரும்பும் தேதி நவம்பர் முதல் ஞாயிறைத் தாண்டுகிறதா? அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், அப்போது வித்தியாசம் 13 மணி நேரம்.