புதுப்பிப்பு: மகனுக்குப் பெயர் முடிவாகிவிட்டது

'ஷ்' என்று முடியும் பெயரை என் மனைவியும், 'ன்' என்று முடியும் தமிழ்ப்பெயரை நானும் விரும்புவதாகச் சொல்லி, மகனுக்கு எந்த ஈறு பொருந்தும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இளமாறன் என்று வைத்திருக்கிறோம்.

பெயரை எழுதிப் பார்ப்பதைவிடக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று உங்களில் சிலர் சொன்ன யோசனைதான் முடிவுக்கு வழிகாட்டியது. 'அன்' என்று முடியும் பெயர் விளிக்கும்போது (அதாவது, கூப்பிடும்போது) 'ஆ' என நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு என்ற இயல் கூறுகிறது. அருகில் இருப்பவரை அழைக்கையில் அது 'அ' எனக் குறுகும் என்றும், சேரமான் போன்ற 'ஆன்' ஈற்றுப் பெயர்கள் மாறாமல் நிற்கும் என்றும் அந்நூல் பிரித்துச் சொல்வது எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. முருகன் முருகா ஆவதும் கண்ணன் கண்ணா ஆவதும் இந்த விதிப்படியே. மாறாக, என் மாமியார் ரமேஷை 'ரமேசு' என்றும் கதிர்வேலைக் 'கதிர்வேலு' என்றும்தான் அழைப்பார். மெய்யில் முடியும் பெயரோடு உகரம் சேர்வது நம் பேச்சின் இயல்பு.

இனியன் என்ற பெயரும் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் விளிக்கும்போது அது இனியா என்று பெண் குழந்தையின் பெயராகவே ஒலித்ததால் விட்டுவிட்டோம். "மாறா!" என்று கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டாலும் தெளிவாகக் கேட்கிறது என்று மனைவியும் மனமார ஒப்புக்கொண்டார்.

பெயரின்றிப் பதிவான பிறப்பில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்பதால், அடுத்த வாரம் விண்ணப்பிக்கிறோம்.