மறு: கியூரேட்டர் – காப்பாட்சியர் போதாதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கியூரேட்டர், அதாவது அருங்காட்சியகச் சேகரிப்பைப் பேணுபவர் அல்லது கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர். இதற்கு அரசு அருங்காட்சியகங்களில் நெடுநாளாகப் புழங்கும் ‘காப்பாட்சியர்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு என்று நேற்றைய மடலில் ஐயா கேட்டிருந்தார். நானும் அதை வைத்துத்தான் தொடங்கினேன். ஒளிப்படக் கண்காட்சிகளை உருவாக்கிய பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். முதல் ஆளுக்குச் சொல் கச்சிதமாகப் பொருந்தியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒளிப்படத் துறை 1940இல் தொடங்கியது. பொறுப்பிலிருந்த போமாண்ட் நியூஹால் போருக்குப் போனதும் அவர் மனைவி நான்சி நியூஹால் துறையை நடத்தினார். நம் அலுவலக வழக்கில் ‘காப்பாட்சியர் (பொறுப்பு)’. கணவர் திரும்பியதும் நாற்காலி அவருக்கே போயிற்று. ஆனால் 1946இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனின் படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி அமைத்தவர் நான்சிதான். பதவி இல்லை, வேலை இருக்கிறது. அந்த வேலைக்குப் பெயர் என்ன? இங்கேதான் இடறியது.

ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1976 முதல் ஒளிப்படத் துறையை வளர்த்தெடுத்த ஆன் டக்கரைப் பாருங்கள். 2012இல் அவர் குழுவாக அமைத்த போர்ப்படக் கண்காட்சியில் படங்கள் ஆண்டு வரிசையில் இல்லை, நாட்டு வரிசையிலும் இல்லை. ஆள் சேர்ப்பு, பயிற்சி, காத்திருப்பு, சண்டை, அகதிகள், வீடு திரும்பல், நினைவுகூரல் என்று போரின் படிநிலைகளில் நின்றன. வெவ்வேறு போர்களின் படங்கள் ஒரே சுவரில். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று படித்த நமக்கு இது புதிதா என்ன! திணை பிரித்துத் தொகுக்கும் வேலை இது, காவல் வேலை அல்ல.

2018இல், ஈராண்டுக்கு ஒருமுறை என்று நடத்தப்படும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேவின் முதல் பெண் கியூரேட்டராக இருந்தவர் அனிதா துபே. பினாலே முடிந்தால் படைப்புகள் அவரவர் இடத்துக்குப் போய்விடும். அவர் எதைக் காப்பார்?

என் முன்மொழிவு: தொகுநர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் கூடலூர் கிழார், தொகுப்பித்தார் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று பழைய குறிப்பு இருவரையும் பிரித்தே சொல்கிறது. பணம் தரும் அறங்காவலர்களுக்கும் இதிலேயே சொல் கிடைத்துவிட்டது! இயக்குநர், ஓட்டுநர் போல ஆண், பெண் இருவருக்கும் ஒரே வடிவம். வினையும் தடையில்லை: ‘நான்சி தொகுத்த கண்காட்சி’.

மற்றவற்றை ஏன் விட்டேன் என்றால், ‘ஒருங்கிணைப்பாளர்’ நாற்காலிக்கும் தேநீருக்கும் ஏற்பாடு செய்பவராக ஒலிக்கிறது. பூத்தொடுப்பதை வைத்துத் தோழி ஒருவர் சொன்ன ‘தொடுநர்’ அழகுதான், ஆனால் வழக்குத் தொடுநர் வந்து நிற்கிறார். ‘தொகுப்பாளர்’ தொலைக்காட்சிக்குப் போய் வெகுநாளாயிற்று.

சேகரிப்பைப் பேணும் பதவிக்குக் காப்பாட்சியரே இருக்கட்டும், அதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. லண்டனில் 1971இல் ஒளிப்படக் காட்சியகம் தொடங்கிய சூ டேவிஸுக்கு ‘நிறுவனர்’ போதும்.

கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் ஏற்கெனவே ஓரிடத்தில் ‘தொகுப்பாளினி’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்.