சீசன் முடிந்ததும் ரூம் போய்மார் வேலையை விட்டு நிற்கிறார்கள், என்ன செய்யலாம்?

நானுஓயா_ஹவுஸ்கீப்பிங்:
நுவரெலியாவில் 40 அறை ஹோட்டல். ஏப்ரல் சீசன் முடிந்து மே, ஜூன் மழை பிடித்ததும் ரூம் போய்மாரும் (அறை துப்புரவு செய்பவர்கள்) ஸ்டுவர்ட்மாரும் (உணவு பரிமாறுபவர்கள்) ஒவ்வொருவராக வேலையை விட்டு நிற்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தில் 2,000 ரூபா கூட்டியும் பலனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கண்டி_எச்ஆர்:
தம்பி, சேர்விஸ் சார்ஜ் கணக்கை முதலில் எடுங்கள். கெஸ்ட் பில்லில் 10 வீதமாகச் சேரும் அந்தக் காசை, ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வைத்துப் பிரிப்போம். சீசனில் ஒரு மாதத்துக்கு 900,000 ரூபா சேர்ந்து, எல்லோருக்கும் மொத்தம் 300 புள்ளி என்று வையுங்கள். ஒரு புள்ளி 3,000. 6 புள்ளிக்காரருக்கு 18,000. ஜூனில் 300,000 சேர்ந்தால் அவருக்குக் கிடைப்பது 6,000. 12,000 ரூபாப் பள்ளத்தை 2,000 எப்படி நிரப்பும்? சீட்டும் கடனும் ஏப்ரல் காசை நம்பிப் போட்டதாயிற்றே.

நல்ல மாதம் ஐந்தில் சேர்விஸ் சார்ஜில் 10 வீதம் ஒதுக்கினால் 450,000. மழை மாதம் மூன்றுக்குப் பிரித்தால் புள்ளிக்கு 500 கூடும். அதற்கு மேல் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு ஹோட்டல் பொறுப்பேற்க வேண்டும். மாதக் கணக்கை, புள்ளியின் பெறுமதியோடு, சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். உடைந்த கிளாஸுக்கு அந்தக் காசில் கை வைத்தால் நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

பண்டாரவளை_ரூம்ஸ்:
காசு மட்டுமில்லை அண்ணா. மழைக்காலத்தில் ஷீட் காயாது. கட்டிலுக்கு 3 செட் ஷீட் என்ற வழக்கமான கணக்கு மூடுபனியில் போதாது. 4 வேண்டும், இல்லையென்றால் டிரையர். ஷீட் வராமல் அறை பிந்தும், 2 மணிக்கு கெஸ்ட் வந்து நிற்பார், ஏச்சு விழுவது ரூம் போய்க்கு. அறை எண்ணிக்கையில் வேலை பிரிக்காமல் நிமிடத்தில் பிரியுங்கள்: செக்-அவுட் அறை 40, தங்கும் அறை 20. 6 செக்-அவுட், 8 தங்கும் அறை என்றால் 400 நிமிடம். 8 மணித்தியாலத்தில் மிச்சம் 80. டிரொலி நிரப்பவும் சாப்பிடவும் அவ்வளவுதான்.

பிரேக் ஷிப்டையும் பாருங்கள். காலை 7 முதல் 11, மாலை 6 முதல் 10 என்றால், தோட்டத்துப் பிள்ளை நடுவில் வீட்டுக்குப் போய் வர முடியாது, இரவில் பஸ்ஸும் இல்லை. நேர் ஷிப்ட் கொடுங்கள், அல்லது லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) வரை வேன் விடுங்கள். தங்குமிடத்தில் சுடுதண்ணீரும் ஆளுக்கு இரண்டு கம்பளியும் கட்டாயம். ஜனவரியில் உறைபனி விழும் ஊர் அது.

ஹட்டன்_தொழில்சட்டம்:
பயிற்சிக்காலம் முடிந்த பிறகுதான் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்று சிலர் நினைப்பது தவறு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும்; ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் முதலாளியுடையது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. இதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்; 4 வருடத்தில் கிளம்ப நினைப்பவர் ஒரு தடவை யோசிப்பார்.

நானுஓயா_ஹவுஸ்கீப்பிங்:
10 வீதம் ஒதுக்கச் சிலர் சம்மதிக்காவிட்டால்?

கண்டி_எச்ஆர்:
அவர்கள் பங்கைத் தொடாதீர்கள். சேர்ந்தவர்களின் காசைத் தனிக் கணக்கில் போட்டு, அவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுங்கள். இடையில் விலகினால் அவர் பங்கை அன்றே தீர்த்துவிட வேண்டும். கையொப்பத்தை நல்ல மாதங்கள் தொடங்கும் முன்பே வாங்குங்கள், படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.