கிராம சபையில் கேட்டேன், ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்

காவேரிப்பட்டினம் கடைக்காரர்:
காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊராட்சியில் அக்டோபர் 2 கிராம சபை. எங்கள் தெருச் சாக்கடைக்கு முழு நீளத்துக்கும் பில் போட்டிருந்தார்கள், கட்டியது பாதி. எழுந்து கேட்டேன். பதில் வரவில்லை, டீ வந்தது. சாயங்காலம் சாக்கடையை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கடை திறக்கப் போனால் ஷட்டரில் நோட்டீஸ். பசைகூடக் காயவில்லை, விரலில் ஒட்டியது. கடையின் முன்பக்கக் கூரைச் சீட்டு ஊராட்சி ரோட்டை ஆக்கிரமித்திருக்கிறதாம். தேதி செப்டம்பர் 25. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே!

சீட்டு ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். அதே வரிசையில் இன்னும் எட்டுக் கடையிலும் அப்படித்தான். நோட்டீஸ் எனக்கு மட்டும்.

பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன்: மூன்று வருடத்தில் இந்தத் தெருவுக்கு எத்தனை ஆக்கிரமிப்பு நோட்டீஸ்? வெளியே போகும் தபாலுக்கு எண் போட்டு எழுதும் அனுப்புகைப் பதிவேட்டையும் நேரில் பார்க்க வேண்டும். (முதல் ஒரு மணி நேரம் பார்க்கக் காசு கிடையாது.) 30 நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. எண்ணிக்கை ஒன்று. பதிவேட்டில் செப்டம்பர் 25-ல், இரண்டு வரிக்கு நடுவே நுணுக்கி, முந்தின எண்ணோடு ஒரு 'அ' சேர்த்து என் நோட்டீஸ். மற்ற வரியெல்லாம் நீல மை, இது கறுப்பு. எழுத்தர் தலையைத் தூக்கவேயில்லை.

பென்னாகரத்தான்:
எனக்கு நோட்டீஸ்கூட இல்லண்ணா. ஏரி மண் அள்ளுவதைப் பற்றித் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அதோடு என் நிலத்தை உட்பிரிவுக்கு அளக்க வரவேண்டிய சர்வேயர் காணாமல் போனார். ஐந்து மாதம் லீவு, மீட்டிங், வேறு டூட்டி. இதுக்கும் மனுவுக்கும் சம்பந்தம் என்று எதைக் காட்டுவது? உங்களுக்காவது பசை காயாமல் இருந்தது.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
'அ' போட்டு எண் சேர்ப்பது எல்லா ஆபீசிலும் உண்டு தம்பி, விட்டுப்போன தபாலை அப்படித்தான் நுழைப்போம். அதை மட்டும் நம்பாதீர்கள். அடுத்த கடைக்காரரும் நீட்டியிருக்கிறார் என்பதும் கோர்ட்டில் எடுபடாது. முதலில் சீட்டை எடுத்துவிடுங்கள், அப்புறம் உள்நோக்கத்தைப் பேசுங்கள். உங்கள் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா?

காவேரிப்பட்டினம் கடைக்காரர்:
'சாக்கடை குறித்து விவாதிக்கப்பட்டது' என்று ஒரே வரி, ஐயா. சீட்டைப் போன வாரமே கழற்றிவிட்டேன். வெயில் நேராகக் கல்லாவில் அடிக்கிறது. மே 1 கிராம சபைக்குச் சாக்கடை பில் நகலோடு போகிறேன்.