பராமரிப்புக்குப் பின் விழுந்த சிறிய விமானங்கள்: எங்கே தவறுகிறது?

கட்டுப்பாட்டுக் கேபிள் வேலை முடிந்து ஹேங்கரை (விமானக் கொட்டகையை) விட்டு வந்த விமானத்தில் விமானி ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை, நாலாபுறமும் ஆட்டிப் பார்ப்பார். எங்கும் உரசவில்லை என்றால் கிளம்பிவிடுவார். இது போதவே போதாது. ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) கேபிள்கள் இடம்வலம் மாற்றிக் கோக்கப்பட்டிருந்தாலும் ஸ்டிக் வழுவழுவென்றுதான் நகரும். சக்கரம் தரையை விட்டதும் இடது இறக்கை கொஞ்சம் தாழும். கை தானாக வலப்பக்கம் போகும். இறக்கை இன்னும் தாழும். ஐம்பது அடி உயரத்தில் யோசிக்க நேரம் ஏது?

திசையைப் பாருங்கள். யோக்கை (சில விமானங்களில் ஸ்டிக்குக்குப் பதில் இருக்கும் கைப்பிடிச் சக்கரத்தை) இரு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரல்களை மேலே நீட்டிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திருப்பினால் விரல்கள் இடப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்து ஏலரான்தான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் என்பது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை; அதன் விளிம்பிலுள்ள சிறு பலகையான டிரிம் டேப் பலரையும் குழப்பும்: மூக்கு மேலே போக டிரிம் சக்கரத்தைச் சுற்றினால் டேப் கீழே இறங்க வேண்டும்.

—

திசையோடு அளவையும் பாருங்கள். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் பீச் 1900டி விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். சற்றே பெரிய, 19 பயணிகளுக்கான விமானம்தான். பாடம் எல்லோருக்கும் ஒன்றே. இரண்டு இரவுக்கு முன் எலிவேட்டர் கேபிள் இழுவிசையைச் சரிசெய்தபோது டர்ன்பக்கிள்கள் (கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகு இணைப்புகள்) தவறாக வைக்கப்பட்டன. மூக்கை இறக்கும் பக்கம் எலிவேட்டர் ஏறக்குறைய பாதிதான் நகர்ந்தது. கையேட்டின் சில படிகள் தேவையில்லை என்று விடப்பட்டிருந்தன. அதன் பிறகு பல முறை பறந்தும் கோளாறு வெளியே தெரியவில்லை. அன்று பின்பக்கம் பாரம் கூடியிருந்தது. தூக்கிய மூக்கை அடக்க மீதிப் பாதி இல்லை.

ஆகவே கோணமானியை எலிவேட்டர் மேலேயே வைத்து டிகிரியை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். இழுவிசையை அன்றைய வெப்பநிலைக்குரிய அட்டவணைப்படி வையுங்கள். அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிட அதிகம் விரியும் என்பதால் வெயிலில் கேபிள் இறுகும்.

—

நட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போல்ட் சுழலக்கூடிய மூட்டில் நைலான் நட் (உள்ளே பிடித்துக்கொள்ளும் நைலான் வளையம் உள்ள நட்) கூடவே கூடாது. அங்கே கேஸ்டில் நட்டும் (தலையில் வெட்டுகள் உள்ள நட்), அது கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னும்தான். மற்ற இடங்களிலும், நைலானைத் தாண்டி வெறும் விரலாலேயே ஏறிவிடும் நட்டைத் தூக்கிப் போடுங்கள். டர்ன்பக்கிள் பீப்பாய்க்கு வெளியே மூன்று புரிக்கு மேல் தெரியக்கூடாது.

இஞ்சினில் சிலிண்டர் நட் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) சரியான எண்ணையே காட்டும். ஓட ஓடப் பெயின்ட் நசுங்கிப் பிடிப்பு தளரும். நட் ஏறும் ஸ்டட்கள் (திருகுக் கம்பிகள்) ஒவ்வொன்றாக முறியும். கடைசியில் சிலிண்டரே பெயர்ந்து வரும். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் இறுக்காதீர்கள்.

—

பாதியில் நின்ற வேலையை மறக்க வேண்டாம். 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸின் ஈகிள் லேக் அருகே 14 பேர் இறந்த விபத்தில், வால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கழற்றிய 47 ஸ்க்ரூக்கள் திரும்பப் போடப்படவே இல்லை. இடையில் ஷிப்ட் மாறியிருந்தது.

நட்டை விரலால் மட்டும் திருகி வைத்துவிட்டுப் போகாதீர்கள், முடிந்ததுபோலத் தோன்றும். முழுதாக இறுக்கி, இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக வண்ணக்கோடு இடுங்கள், இல்லையேல் கண்ணில் படும்படி கழற்றியே வையுங்கள். இடையில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்ததும் மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள். இரண்டாவது சோதனை செய்பவர் அந்த வேலையில் கை வைக்காதவராக இருக்கட்டும். எதைச் சரிசெய்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.